வேறு வீட்டில் வைத்த தட்டு

விண்வெளி விளையாட்டில், மகன் சொன்ன அட்சரேகையைத் தேடிப்போய் விண்கலத்தை இறக்கினேன். "மைனஸைப் பாக்கலியாம்மா? தெற்குல எறங்கணும், வடக்குல எறக்கிட்டே," என்றான். என் காது சூடானது.

அன்றும் இப்படித்தான் சூடானது. அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க, திருவேற்காட்டில் பெரியப்பா புதிதாகக் குடிபோன வீட்டைத் தேடினோம். "யாரையாச்சும் கேளுங்களேன்," என்றாள் அம்மா. "எங்க அண்ணன் ஊட்டுக்கு நான் வழி கேக்கணுமா?" என்று அப்பா ஒரு பச்சை கேட்டைத் திறந்தார்.

கதவைத் திறந்த பெண்ணைப் பெரியப்பா மருமகளின் அக்கா என்று நினைத்தோம். அவரோ எங்களைக் கணவரின் சொந்தம் என்று நினைத்து, பாய் விரித்து, காபி கொடுத்தார். மஞ்சள், குங்குமம், பழத்தோடு தட்டை வைத்தோம். அவர் மகள் ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கடித்தாள்.

வெளியே போயிருந்த கணவர் வந்து, "நீங்க யாருங்க?" என்றார்.

அப்பா தட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். வாசலைத் தாண்டும்போது அந்தச் சிறுமி ஓடிவந்து, கடித்த பழத்தைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

"கெளம்பும்மா, வேற எடத்துல எறக்கலாம்," என்றான் மகன். திரையில் கண்ணுக்கெட்டியவரை வெறும் பாறை, ஓர் ஆள் இல்லை. நல்லவேளை.