படிப் பக்கம்

எங்கள் டெப்போவில் அவனுக்குப் பெயர் 'படி'. அம்மா அப்பா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாகப் பஸ்ஸின் பின்படிக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ" என்று கத்திக் கத்தியே அந்தப் பெயரை வாங்கினான். "பள்ளிக்கூடத்துல எல்லா வாத்தியாரும் படி படின்னாங்க. அப்ப கேக்கல. இப்ப அதுவே பேராயிடுச்சு" என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

அவன் கண்டக்டர், நான் டிரைவர். இருபத்திரண்டில் பத்தொன்பது வருடம் என் வண்டியில்தான். அவன் மனைவியை நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன். அந்தக் கணக்கில் அவன் எனக்கு மாப்ள, நான் அவனுக்கு மச்சான். மற்றபடி சொந்தம் எதுவும் கிடையாது. சொந்தக்காரனாக இருந்திருந்தால் இவ்வளவு சண்டைக்கு எப்போதோ பேச்சுவார்த்தை நின்று போயிருக்கும்.

ஓட்டுகிறவனுக்கு ரோடுதான் தெரியும். பின்படியில் யார் ஏறுகிறார்கள், யார் தொங்குகிறார்கள் என்பதைக் கண்டக்டர்தான் பார்க்க வேண்டும். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் கிளம்பு. அவன் இரண்டு விசில் கொடுத்துவிட்டால் நான் கண்ணாடியைக்கூடப் பார்த்ததில்லை. அவ்வளவு நம்பிக்கை.

ஒருநாள் காலை, மார்க்கெட் ஸ்டாப்பில் இரண்டு விசில் வந்தது. எடுத்தேன். பின்னால் அலறல். ஒரு பெண், ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக இருந்தவர், கீழே விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டார். நல்ல வேளை, அவ்வளவோடு போயிற்று. நான் இறங்கிப் போய் இவனைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு உனக்கு?"

"படியில யாரும் இல்லையே மச்சான்" என்றான் நிதானமாக. அந்தப் பெண் அவனுக்கு இடப்பக்கம் இரண்டடி தள்ளி நின்று அழுதுகொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். என்னென்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

கடைசி ஸ்டாப்பில் டிரிப் ஷீட்டை நீட்டினான். ஒவ்வொரு நடைக்கும் டிக்கெட் எண்களை அவன் எழுதுவான், கீழே நான் கையெழுத்துப் போடுவேன். இடது பாதி முழுக்கக் காலி. எல்லா எண்ணும் வலது பாதியில் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தது. "என்ன இது, கோழி கிளறின மாதிரி?" என்று அதற்கும் ஒரு திட்டு. திட்டிவிட்டுக் கையெழுத்தும் போட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நடை ஓட்டினோம். இரண்டாவது நடை முடிந்து இறங்கும்போது அவனுடைய இடது கால் மடங்கியது.

"எப்பலேர்ந்து இப்படி?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். சொன்னேன். "ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சே. அப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. நேரம்தான் முக்கியமாம். டாக்டர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நானும் அதற்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை, தங்கச்சியிடம்கூட.

கையும் காலும் மூன்று மாதத்தில் ஓரளவு திரும்பின. இடது பக்கம்தான் திரும்பவில்லை. கண் கெட்டுவிடவில்லை, கண் டாக்டரும் பார்த்துவிட்டார். மூளைதான் அந்தப் பக்கம் ஒன்று இருப்பதாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு "இன்னும் கொஞ்சம் போடு" என்பான். தங்கச்சி தட்டை அரைவட்டம் திருப்பி வைப்பாள். "எப்ப போட்ட?" என்று ஆச்சரியப்படுவான். பாதி முகத்துக்குச் சவரம் செய்துவிட்டு ஜம்மென்று வந்து உட்காருவான். எனக்குச் சிரிப்பு வரும்.

சிரிப்போடு முடியவில்லை. கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டே இருந்தான். ஒருநாள் தெருவில் இறங்கி நடந்தவன், இடப்பக்கமிருந்து வந்த வேனைப் பார்க்கவே இல்லை. வேன்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தான். தங்கச்சி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். பதினேழு வருட வேலை. இவனைத் தனியே விட முடியாது என்றால் அவள் வேலையை விட வேண்டும். அதைத் தவிர வேறு வழி அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் மறுவாழ்வு மையத்தில் இடம் கிடைத்தது. செவ்வாயும் வெள்ளியும், மொத்தம் பதினெட்டுப் பயிற்சி, கடைசியில் ஒரு சோதனை. அதில் தேறினால் தனியாக இருக்கலாம், தெருவில் போகலாம் என்று எழுதிக் கொடுப்பார்கள். நான் ஷிஃப்டை மதியத்துக்கு மாற்றிக்கொண்டு அவனைக் கூட்டிப்போனேன்.

சின்ன அறை. சுழல் நாற்காலி ஒன்று, சுவரில் டிவி. கண்ணை முழுக்க மூடுகிற கண்ணாடி ஒன்றைத் தலையில் மாட்டுவார்கள். மாட்டியவனுக்கு உள்ளே வேறு உலகம் தெரியும். அவன் என்ன பார்க்கிறானோ அது நமக்கு டிவியில் தெரியும். தெரபிஸ்ட் சின்னப் பெண், ஆனால் கண்டிப்பானவள். "இதுல செயற்கை நுண்ணறிவு இருக்குண்ணா. அவர் எதைப் பிடிக்கிறார், எதை விடுறார்னு பாத்து அதுவே பயிற்சியை மாத்திக்கும்" என்றாள்.

"செயற்கை நுண்ணறிவா? எனக்கு இயற்கை அறிவே கொஞ்சம் கம்மிம்மா" என்றான் இவன்.

உள்ளே ஒரு தோட்டம். பட்டாம்பூச்சி பறக்கும், கையை நீட்டித் தொட வேண்டும். வலப்பக்கத்தில் ஒன்றையும் விடமாட்டான். இடப்பக்கத்தில் பத்து பறந்தாலும் அவனுக்கு இல்லை. மெஷினும் பாவம், என்னென்னவோ செய்தது. பூச்சியின் வேகத்தைக் குறைத்தது, பெரிதாக்கியது, இடது ஓரத்தில் விளக்குப் போட்டது, மணி அடித்தது. நடுவே ஒரு பெண் குரல்: "தயவுசெய்து உங்கள் இடது பக்கம் கவனிக்கவும். மிக நன்று. மீண்டும் முயற்சி செய்யவும்."

"யாரு மச்சான் இந்தம்மா? ரயில்வே ஸ்டேஷன்ல பேசுறவங்களா?" என்றான்.

ஐந்து பயிற்சி இப்படியே போயிற்று. ஆறாவதில் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் நடுவில் பேசக்கூடாது என்று தெரபிஸ்ட் சொல்லியிருந்தாள். நானாவது, சும்மா இருப்பதாவது! "டேய், படிப் பக்கம் பாருடா!" என்று கத்திவிட்டேன்.

உடனே தலை திரும்பியது. ஆனால் வலப்பக்கமாக.

தலையில் அடித்துக்கொண்டேன். "படிப் பக்கம்னு சொன்னா எங்கடா பாக்கிற?"

"படிப் பக்கம்தான் பாக்கிறேன். நின்னுக்கிட்டு டிக்கெட் போடுறேன் மச்சான், உனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜனங்களைப் பார்த்து நின்றால் படி வலப்பக்கம்தான் வரும், ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தால்தான் இடப்பக்கம். அவன் சொன்னதில் தப்பே இல்லை. தோட்டமாவது பட்டாம்பூச்சியாவது, அவன் மனசுக்குள் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கிறான்.

"சரி, டிக்கெட் போட்டாச்சு. உன் சீட்ல போய் உக்காரு. ரோட்டைப் பாரு. உக்காந்தியா?"

"ம்."

"இப்ப படிய பாரு. யாரோ ஏறுறாங்க."

தலை மெதுவாக நகர்ந்தது. நடுவுக்கு வந்தது. எப்போதும் அங்கேதான் நின்றுவிடும். அன்றைக்கு நிற்காமல் தாண்டி இடப்பக்கம் போயிற்று. "அட, இங்க ஒண்ணு பறக்குது!" என்று கையை நீட்டித் தொட்டான். தெரபிஸ்ட் என்னைத் திட்ட வாயெடுத்தவள், திட்டாமல் உட்கார்ந்து குறிப்பு எழுத ஆரம்பித்தாள்.

பத்தொன்பது வருடத்தில் அவன் இடது என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவனுக்கு உலகத்தில் இருந்தது படிப் பக்கம், டிரைவர் பக்கம், அவ்வளவுதான். தெரபிஸ்ட் என்னிடம் ஒரு மணி நேரம் விசாரித்துவிட்டு, அடுத்த வாரம் தோட்டத்தைத் தூக்கிவிட்டு உள்ளே ஒரு பஸ்ஸையே கொண்டுவந்தாள். ஸ்டாப், சீட்டு, பின்படி, ஏறுகிற ஜனம் எல்லாம் மெஷினிடம் விவரித்தால் அதுவே வரைந்து தருமாம். உள்ளே அவன் தன் சீட்டில் உட்கார்ந்து படியைப் பார்க்க வேண்டும், எல்லோரும் ஏறியதும் நிஜ விசிலை ஊத வேண்டும். ரயில்வே அம்மாவுக்குப் பதில் என் குரல். அரை மணி நேரம் என்னைப் பேசவைத்துப் பதிவுசெய்தாள். அதை வைத்து மெஷின் என்னைப் போலவே பேசியது. "மாப்ள, படியைப் பாத்துக்க" என்று அது சொன்னபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

"குரல் மச்சான் குரல்தான். ஆனா இது மச்சான் இல்லம்மா" என்றான் இவன். "திட்டவே மாட்டேங்குதே."

தெரபிஸ்ட் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

ஆரம்பத்தில் பத்து ஸ்டாப்பில் ஆறில் முந்திக்கொண்டு விசில் ஊதினான். பிறகு ஐந்து, நான்கு. வீட்டிலும் தட்டைத் தானே திருப்பிக்கொள்ள ஆரம்பித்தான். பதினான்காவது பயிற்சி முடிந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தான். அந்த டிரிப் ஷீட்டின் நகல். டெப்போவில் யாரிடமோ சொல்லி வாங்கியிருக்கிறான்.

"இதை வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு மச்சான். அப்ப பாத்தப்ப முழுசா எழுதியிருக்கிற மாதிரிதான் தெரிஞ்சுது. முந்தாநாள் எடுத்துப் பாக்குறேன், பாதி காலியா இருக்கு."

காகிதத்தின் அடியில் விரலை வைத்தான்.

"கீழ உன் கையெழுத்து இருக்கு. பாத்துட்டுத்தானே போட்ட?"

"பாத்துட்டுத்தான் போட்டேன்."

"அப்புறமும் வண்டிய எடுத்த?"

"ரெண்டு நடை ஓட்டினேன்" என்றேன். "திமிருதான்னு நெனச்சேன்டா. ஒடம்புக்குன்னு தோணவே இல்ல."

அவன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கியதும், "வெள்ளிக்கிழமை நீ வர வேணாம்" என்றான்.

பதினைந்துக்கும் பதினாறுக்கும் தங்கச்சி லீவு போட்டுக் கூட்டிப்போனாள். அவளுக்கு அவன் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. "என்னண்ணே, ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்க மாதிரி?" என்று போனில் கேட்டாள். நான் மழுப்பினேன். அந்தப் பத்து நாளும் வண்டியில் புதுக் கண்டக்டர் ஒவ்வொரு முறை இரண்டு விசில் கொடுக்கும்போதும் நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவனிடம் ஒரு வார்த்தை "என்னப்பா, தலை சுத்துதா?" என்று கேட்டிருந்தால் போதுமே. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பதினேழாவது பயிற்சி அன்று காலையில் போன் வந்தது. "வரியா இல்லியா? நேரமாகுது." அவ்வளவுதான் பேசினான். போனேன். மன்னித்துவிட்டாயா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

சோதனை அன்று தங்கச்சியும் வந்திருந்தாள். பத்து ஸ்டாப். இரண்டு வரை தவறலாம், மூன்று தவறினால் இல்லை. என் குரலை அணைத்துவிட்டார்கள். யாரும் நினைவுபடுத்தாமல் அவனே பார்க்க வேண்டும். "அண்ணா, இன்னிக்கு நீங்க வாயைத் திறந்தா வெளியில அனுப்பிடுவேன்" என்று தெரபிஸ்ட் சொல்லிவிட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் பின்னால் உட்கார்ந்தேன்.

முதல் மூன்று ஸ்டாப் சரி. நான்காவதில் அவசரப்பட்டான். ஏழாவதில் படிப் பக்கம் தலை திரும்பவே இல்லை, விசில் போய்விட்டது. தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டாள். எட்டு சரி. ஒன்பது சரி.

பத்தாவது ஸ்டாப். நான்கைந்து பேர் ஏறி உள்ளே போனார்கள். படி காலி. அவன் விசிலை வாயில் வைத்தான். அந்த நேரம் பார்த்து டிவியின் இடது ஓரத்தில், வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள், கையில் பை. மெஷினுக்கு எங்கள் மார்க்கெட் ஸ்டாப் கதை தெரியாது, நான் அதைச் சொன்னதில்லை. அவள் ஒரு காலைப் படியில் வைத்தாள், இன்னொரு கால் தரையில். இவன் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "டேய்" என்று தொண்டை வரை வந்ததை அடக்கிக்கொண்டேன்.

அவன் தலை திரும்பியது. நடுவைத் தாண்டியது. விசிலை வாயிலிருந்து எடுத்தான்.

"இரு மச்சான்" என்றான், நான் பின்னால் இருப்பதை மறந்து, எதிரே இருக்கிற டிரைவர் சீட்டைப் பார்த்து. "படியில ஆள் இருக்கு."

என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் எதுவும் இல்லை. ஆனாலும் அழுத்திக்கொண்டே இருந்தேன், அந்தப் பெண் இரண்டு காலையும் உள்ளே வைக்கிற வரைக்கும். அழுதேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. பிறகு அவன் இரண்டு விசில் கொடுத்தான். நான் காலை எடுத்தேன்.