சின்னத்துக்குக் கீழே நின்றவர்

இல்லை, கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. நான் இங்கே போட்ட அந்த மூன்று படங்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்கிறீர்கள். நேற்றே ரிப்பேர் கடையில் காட்டிவிட்டேன். "குழந்தை மாதிரி வச்சிருக்கீங்க, நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குக் காய்ச்சலும் இல்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. இருட்டுகூட இல்லை. பட்டப்பகல். வியாழக்கிழமை மதியம் 2.10-லிருந்து சாயங்காலம் 5.52 வரை. நடந்தது இது. இவ்வளவு நன்றாகக் கதை கட்டத் தெரிந்தால் நான் ஏன் நகராட்சியில் ஒப்பந்த வேலை பார்க்கப்போகிறேன்?

எங்கள் நகரச் சின்னத்தைத் தெரியும்தானே? மரத்தில் செதுக்கிய பெரிய வட்டம். இரண்டு கையையும் விரித்தால்தான் விளிம்பு எட்டும். மூன்று வளைவுப் பாலம், மேலே ஒரு பறவை. கொக்கா வாத்தா என்று இன்றுவரை சண்டை. முன்பு பழைய நகராட்சிக் கட்டடத்தின் முன்சுவரில் இருந்தது. ஒன்பது வருஷமாகக் கிடங்கில் கிடக்கிறது. அதை எங்கே மாட்டுவது என்று வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

அறிக்கை எழுத வேண்டியவர் எங்கள் இன்ஜினியர் அக்கா. தலைவருக்குப் புதுக் கட்டடத்தின் ஐந்தாம் மாடி ஹால்தான் வேண்டும். தன் நாற்காலிக்கு நேர் பின்னால்.

"போட்டோவுல தலைக்குப் பின்னாடி ஒளிவட்டம் மாதிரி தெரியணுமாம் அவருக்கு" என்றார் அக்கா. "தெருவுல நிக்கிறவன் கண்ணுக்குத் தெரியாத சின்னம் எதுக்குடி?"

வேலை இதுதான். சின்னத்தை அதே அளவில் அட்டையில் அச்சடித்திருந்தோம். பழைய கட்டடம், பஸ் நிலையம், இந்த ஹால் என்று மூன்று இடத்திலும் அதை ஒட்டி, கீழே ஒரு ஆளை நிற்கவைத்துப் படம் எடுக்க வேண்டும். ஆள் நின்றால்தான் உயரம் புரியும்.

"நீங்களும் வாங்களேன்க்கா."

"எனக்கு முட்டி வலி."

"காலையில மாடிப்படியில ஓடுனீங்களே?"

"வாயை மூடிட்டுக் கிளம்புடி, அவசரக்குடுக்கை. ஆளை நிக்க வச்சு எடு. மறந்து தொலைச்சிடாத."

மதியம் 2.10. பழைய கட்டடம். தார் ரோட்டில் கால் வைக்க முடியாத வெயில். டிரைவர் அண்ணன் ஏணி போட்டு அட்டையை ஒட்டினார். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்ததால் வண்டியை நகர்த்தப் போய்விட்டார். தெருவில் ஈ காக்கை இல்லை. யாரை நிற்கவைப்பது?

அப்போதுதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அறுபது வயது இருக்கும். வீட்டில் உடுத்தும் பழைய துணி. அதன்மேல் கம்பளிச் சட்டை. அந்த வெயிலில்! பட்டனெல்லாம் ஒன்று தள்ளி மாட்டியிருந்தது. காலில் செருப்பு இல்லை. கண்ணைச் சுருக்கி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரே நிமிஷம். இதுக்குக் கீழ நிக்கிறீங்களா?"

அந்த முகம் மலர்ந்ததைச் சொல்லத் தெரியவில்லை எனக்கு. ரொம்ப நாளாக அந்த வார்த்தைக்குக் காத்திருந்த மாதிரி...

ஓடிப்போய் நின்றார். குதிகால் சுவரில் பட, கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"இதுதானா?" என்று கேட்டார்.

"இது அட்டைம்மா. அசலை எங்க மாட்டறதுன்னு இன்னும் முடிவாகல."

முகம் வாடிவிட்டது. "முடிவாகட்டும்" என்றார். "நான் நிக்கிறேன்."

படம் எடுத்தேன். டிரைவர் அண்ணன் வந்து ஏணியில் ஏறி அட்டையைப் பிரித்தார். கீழே பார்த்தேன். அந்த அம்மா போய்விட்டிருந்தார்.

மாலை 3.25. பஸ் நிலையம், பயணிகள் காத்திருக்கும் கூடம். நேராக அங்கேதான் வந்தோம். எங்கும் நிற்கவில்லை.

அண்ணன் ஏணியில் ஏறி அட்டையை ஒட்டினார். நான் பையிலிருந்து கேமராவை எடுத்துவிட்டு நிமிர்ந்தேன்.

அட்டைக்கு நேர் கீழே அதே அம்மா.

"எங்களுக்கு முன்னாடியே வந்துட்டீங்க? எப்படிம்மா?"

"நடந்துதான்" என்றார். "இதுதானா?"

பேசும்போது அவர் வாயிலிருந்து புகை வந்தது. கடுங்குளிரில் பேசினால் வருமே, அந்த மாதிரி. எனக்கோ முதுகில் வியர்வை ஒழுகிக்கொண்டிருந்தது.

மேலே இருந்து அண்ணன் குரல் கொடுத்தார். "கீழ ஆளே இல்லையே தங்கச்சி? நான் வேணா இறங்கி வந்து நிக்கட்டுமா?"

நான் சிரித்தேன். "மெதுவாண்ணே. அவங்க காதுல விழுந்துடப்போகுது."

அவர் குனிந்து கீழே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வண்டியில் ஏறியதும் வழக்கமாகப் போடும் பாட்டையும் போடவில்லை.

சாயங்காலம் 5.40. புதுக் கட்டடம். லிஃப்டுக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை. "அஞ்சு மாடி என்னால ஆகாது" என்று அண்ணன் வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார். அட்டையைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் ஏறினேன். ஹால் சாவி என் கையில். பூட்டைத் திறந்தேன். உள்ளே யாரும் இல்லை. நன்றாகப் பார்த்தேன். யாரும் இல்லை.

ஒரு ஸ்டூலில் ஏறி அட்டையை ஒட்டினேன். டேப்பைப் பல்லால் கடித்தேன்.

அப்போது கேட்டது.

தப்... தப்... தப்...

படிக்கட்டில் வெறுங்கால் சத்தம். இரண்டாம் மாடியில் இருக்கும். மூன்று... மெதுவாக. நடுநடுவே நின்று மூச்சு வாங்கும் சத்தம்.

நான்கு...

கீழே போய்விடலாம் என்றால் இருப்பது அந்த ஒரே படிக்கட்டு.

கதவு அசைந்தது. ஹால் சில்லென்று ஆனது.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக அட்டைக்குக் கீழே போனார். குதிகால் சுவரில் பட நின்றார். கையைக் கட்டினார்.

நான் ஏன் கேமராவைத் தூக்கினேன் என்று கேட்காதீர்கள். கை தானாகச் செய்தது.

க்ளிக்.

"இதுதானா?"

கேமராவை இறக்கினேன்.

"இவ்வளவு உசரத்துல வச்சுட்டீங்களே" என்றார். "அவ எப்படிக் கண்டுபிடிப்பா?"

"யாரும்மா...?"

"என் பொண்ணு."

உதடு நீலமாக இருந்தது. விரல்களும்.

"எங்க நிக்கணும்னு நீயாவது சொல்லு கண்ணு. அது நகர்ந்துக்கிட்டே இருக்கு... நானும் நடந்துக்கிட்டே இருக்கேன்."

அழவில்லை. வழி கேட்பது போலத்தான் கேட்டார்.

எனக்கு அங்கிருந்து போனால் போதும். அது ஒன்றுதான்.

"இங்கயே நில்லுங்கம்மா. உங்க பொண்ணு வருவாங்க."

"வருவாளா?"

"வருவாங்க."

"அப்ப நகர மாட்டேன்."

வெளியே வந்தேன்.

பூட்டினேன்.

5.52.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை 10.15. அக்கா கேமராவை வாங்கிப் பார்த்துவிட்டுக் கத்தினார். "என்னடி இது, சின்னம் மங்கல், சுவரும் மங்கல்! எதைத்தான் பார்த்து எடுத்த?"

மூன்று படத்திலும் அட்டைக்குக் கீழே யாரும் இல்லை.

ஆனால் முகம் தெரிந்தால் என் கேமரா அதைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் போடும். பிறகு படத்தைத் திரையில் பார்க்கும்போதும் அது இருக்கும். அந்த முகத்துக்குத்தான் ஃபோகஸ் வைக்கும். மூன்று படத்திலும் வெறும் சுவருக்கு முன்னால், ஒரே உயரத்தில், அந்தப் பச்சைக் கட்டம்.

"ஆளை நிக்க வைக்கலையா?"

"மறந்துட்டேன்க்கா."

பொய்தான். வேறு என்ன சொல்வது?

அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கட்டை விரலால் அந்தக் கட்டத்தை மெதுவாகத் துடைத்தார். இரண்டு முறை. "அழுக்குன்னு நினைச்சேன்" என்றார்.

அன்றே அறிக்கை எழுதிவிட்டார். பழைய கட்டடத்தின் முன்சுவர். முன்பு இருந்த அதே இடம், அதே உயரம். தலைவருக்கு மூக்கு சிவந்துவிட்டது. அப்படியென்றால் அந்த ஹால் எதற்கு, திங்கட்கிழமை முதல் பழைய ரெக்கார்டுகளைப் போட்டு அடையுங்கள் என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை டிரைவர் அண்ணனோடு டீ குடிக்கும்போது கேட்டேன். அக்கா ஏன் எங்களோடு வரவில்லை? அந்தச் சின்னம் ஏன் ஒன்பது வருஷமாகக் கிடங்கில் கிடக்கிறது?

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்காவோட அம்மாவுக்கு ஞாபகம் போயிடுச்சு தங்கச்சி. வெளிய கிளம்பிடுவாங்க, திரும்பத் தெரியாது. அக்கா ஒண்ணே ஒண்ணைத்தான் சொல்லிச் சொல்லிப் பழக்கி வச்சிருந்தாங்க. வழி தப்பிட்டா நகரச் சின்னத்துக்குக் கீழ போய் நில்லும்மா, நகராத, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்னு. நாலு தடவை அங்கதான் நின்னாங்க. நாலு தடவையும் நான்தான் வண்டி ஓட்டுனேன்."

"அப்புறம்?"

"அஞ்சாவது தடவை சின்னம் அங்க இல்ல. சுவத்துல விரிசல். கழட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது அக்கா. அன்னைக்குக் காலையிலதான் கழட்டுனோம். வேலை மும்முரத்துல அம்மாகிட்ட சொல்லணும்னு அவங்களுக்குத் தோணலை. சாயங்காலம் ஓடிப்போய்ப் பார்த்தா வெறும் சுவர்தான் இருக்கு. ரெண்டு ராத்திரி தேடினோம். அந்த வருஷம் மாதிரி குளிர் நான் பார்த்ததில்ல."

"எங்க கிடைச்சாங்க?"

"கிடங்கு வாசல்ல. மூணாம் நாள் நான்தான் திறக்கப் போனேன். பூட்டுன கதவுல முதுகைச் சாய்ச்சு, நின்ன மேனிக்கே..."

என் டம்ளரையும் கீழே வைத்தேன்.

"ஊருக்கு வெளிய பதினோரு கிலோமீட்டர்" என்றார் அவர். "சின்னத்தை அங்க இறக்கினது அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஆபீஸ்லகூட வேற யாருக்கும் தெரியாது. அவங்களுக்கு யாரு வழி சொன்னாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குப் புரியல."

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஐந்தாம் மாடிக்குப் போனேன். கதவைத் திறக்கத் தைரியம் இல்லை. கதவின் அடியிலிருந்து என் கால்விரலில் சில்லென்று காற்று பட்டது. காதை வைத்துக் கேட்டேன். சத்தம் இல்லை. நகர மாட்டேன் என்று சொன்னவர்தானே.

நாளை பத்து மணிக்கு அலமாரிகள் வந்துவிடும். அசல் சின்னத்தைப் பழைய சுவரில் மாட்டுவார்கள். அக்கா அங்கே போய் நிற்கலாம். ஆனால் அவருடைய அம்மா அங்கே வரமாட்டார். நான் இங்கே நிற்கச் சொல்லிவிட்டேன். பொண்ணு வருவாள் என்றும் சொல்லிவிட்டேன்.

சொன்னால் அக்கா உடைந்துவிடுவார். என்னைப் பைத்தியம் என்பார். இல்லையென்றால் ஐந்து மாடி ஓடி ஏறிப்போய், அங்கே யாரையும் காணாமல் அந்த வெறும் சுவர் முன்னால் நிற்பார். இன்னொரு வெறும் சுவர்...

ஒருவேளை அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால்?

சீக்கிரம் பதில் போடுங்கள், நான் விடிய விடிய உட்கார்ந்து படிக்கிறேன். நீங்களாக இருந்தால் காலையில் முதல் வேலையாக அந்தச் சாவியை அக்கா கையில் கொடுப்பீர்களா, மாட்டீர்களா?