நிலவுக்கு ஒரு சுற்றுவழி

செக்காலையில் குடியிருந்த ஞானபூரணி கல்லூரியில் கணிதம் நடத்தினாள். நாற்பத்தாறு வயது. பிள்ளை இல்லை. நாலு வருஷமாக ஒரே கணக்கு அவளைப் பிடித்து வைத்திருந்தது: எரிபொருளை மிச்சப்படுத்தி நிலவுக்குப் போவது எப்படி?

நேராகப் போகிற கலம் மூன்று நான்கு நாளில் நிலவை நெருங்கிவிடும். ஆனால் தாண்டி ஓடிவிடாமல் நிறுத்த, எஞ்சினை எதிர்ப்புறமாக இயக்க வேண்டும். அதற்கான எரிபொருளையும் பூமியிலிருந்தே சுமந்து போயாக வேண்டும். ஞானபூரணி சுற்றுவழி தேடினாள். நிலவைப் போல நான்கு மடங்கு தூரத்துக்குக் கலத்தை அனுப்பினால், அங்கே பூமியின் பிடி தளர்ந்திருக்கும். சூரியனின் ஈர்ப்பு பாதையை மெல்ல வளைக்கும். திரும்பி வரும்போது கலம் நிலவை நிதானமாக நெருங்கும். நிலவே அதைப் பிடித்துக்கொள்ளும்.

"எம்புட்டு நாளாகும்?" என்று கேட்டார் கணவர் இமானுவேல்.

"நூத்தி முப்பது நாளு."

"ஆகட்டுமே. யாரு வெரட்டுறா?"

இமானுவேல் பொதுப்பணித்துறையில் வரைபடம் போடுகிறவர். கணிதம் அவருக்குப் புரியாது. ஆனால் அவள் கொண்டுவரும் எண்களை வாங்கி, கலத்தின் பயணத்தில் நாளுக்கு ஒரு புள்ளியாக, கூடத்தில் விரித்த வரைபடத்தாளில் வைப்பார். பென்சிலைச் சீவிச் சீவி வைப்பார்.

கல்லூரியில் ஒரே கம்ப்யூட்டர். சனிக்கிழமை மட்டும் அவளுக்குக் கிடைக்கும். 1992 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, இமானுவேல் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்றார்.

"இன்னைக்கு விட்டா அடுத்த சனிக்கிழமைதாங்க. மத்தியானம் வந்திர்றேன், போவோம்."

"சரி, போய்ட்டு வா. வாயுவாத்தான் இருக்கும்."

ஒரு மணிக்கு அவள் கணக்குத் தாள்களோடு வந்தபோது வாசலில் செருப்புகள் கிடந்தன. பக்கத்து வீட்டு சுமையா அழுதுகொண்டு நின்றாள். தரையில் விரித்திருந்த தாளில் நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள் இருந்தன.

மிச்சப் பதினெட்டை வைக்க அவளுக்கு எட்டு மாதம் ஆனது. கட்டுரையை எழுதி வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினாள். அடுத்த கோடையில் பதில் வந்தது. கணக்கில் பிழை இல்லை. ஆனால் ஜப்பானியக் கலம் ஒன்று இதே வகைப் பாதையில் 1991 அக்டோபரிலேயே நிலவை அடைந்துவிட்டதால் வெளியிட இயலாது என்றிருந்தது.

ஞானபூரணி கடிதத்தோடு சுமையாவின் வீட்டுக்குப் போனாள். கேட்டுவிட்டு சுமையா சொன்னாள்:

"அப்ப நீங்க போட்டது சரிதானக்கா. எதுக்கு இப்பிடி இருக்கீக?"

"அந்தச் சனிக்கிழமை நான் போயிருக்கவே வேணாம் சுமையா. அதுக்கு நாலு மாசம் முந்தியே அந்தக் கலம் அங்குட்டுப் போய்ச் சேந்திருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவமான்னு கேட்டாக. நான்தான் மத்தியானம்னு சொன்னேன்."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அடக்கத்தன்றுகூட அழாதவள், சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சுமையா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஜூனில் கல்லூரி திறந்தது. ஞானபூரணி வகுப்புகளை ஒழுங்காக எடுத்தாள். சனிக்கிழமைக் கம்ப்யூட்டர் நேரத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி எழுதிக் கொடுத்தாள்.