கூடப் போனவன் சொல்லாமல் விட்டது

பஸ் மாறுவதற்காகத்தான் நான் ஏற்காட்டு மலையில் இருக்கிற நாகலூருக்கு வருகிறேன் என்று அக்கா கேலி பேசுவாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. எட்டாம் வகுப்பின் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதன் பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, லாரியில் கிளீனர், மூணாறில் தேயிலை, குடகில் மிளகு என்று போய்க்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில் மூன்று மாதம் ஆனால் எனக்குக் காலில் எறும்பு ஊர்வது போல இருக்கும். அப்போது கிளம்பிவிடுவேன். வழியில் அக்கா வீட்டில் நாலு நாள் சாப்பிட்டு, துணி துவைத்துக்கொண்டு மறுபடி போவேன்.

அக்கா அங்கே ஒரு காபி எஸ்டேட்டில் முப்பது வருஷமாகக் கூலி. மாமா இறந்துவிட்டார். ஒரே மகளை ஆத்தூர் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் தனியாக இருந்தாள். சர்க்கரை வந்து ரொம்ப காலம். உடம்பும் கனம். சரிவில் ஏறி இறங்கி முட்டி தேய்ந்திருந்தது. முன்பு வசதிக்காரர்கள் உடம்பு இளைக்கப் போட்டுக்கொண்ட வார ஊசி ஒன்று விலை இறங்கி எங்களை மாதிரி ஆட்கள் வரைக்கும் வந்திருந்த நேரம் அது. சர்க்கரையும் இறங்கும், எடையும் இறங்கும், முட்டிக்கும் நல்லது என்று சேலத்தில் ஒரு கிளினிக் டாக்டர் எழுதிக் கொடுத்தார். அன்று நான் ஊரில் இருந்தேன். அதனால் கூடப் போனேன்.

டாக்டர் அக்காவைப் பார்த்துவிட்டு வெளியே உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் கதவைத் திறந்து, "பேஷண்ட் கூட வந்தவங்க யாருங்க?" என்றார். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். நோய் யாருக்கு இருந்தாலும் விவரம் கூட வந்தவருக்குத்தான். அக்கா ஐந்தாவது முடித்தவள். தினமும் பேப்பர் படிப்பாள். நான் சொல்வதைவிட அவளுக்குப் புரிவது அதிகம். ஆனாலும் நான்தான் எழுந்து போனேன். அக்கா பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸ் பேனா மாதிரி இருந்த ஊசியைக் காட்டினார். எப்படித் திருகுவது, வயிற்றில் எங்கே குத்துவது, முதல் நாலு வாரம் எவ்வளவு, அப்புறம் எவ்வளவு என்று சொன்னார். பிறகு, "வாந்தி, கொமட்டல் கொஞ்சம் வருமுங்க, அதுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா மேல் வயித்துல வலி எடுத்து முதுகுக்கு ஓடுச்சுன்னா, ஊசிய நிறுத்திட்டு அன்னிக்கே வந்தரணும். அடுத்த வாரம்னு இருக்கக்கூடாது" என்றார்.

அப்போது என் சட்டைப் பையில் போன் அடித்தது. குடகுக்கு மிளகு பறிக்க ஆள் கூட்டிப் போகிற மேஸ்திரி. மறுநாள் காலை வண்டி கிளம்புகிறது, வருகிறாயா இல்லையா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று தெரியும். நர்ஸ் பேசி முடிப்பதற்குள் நான் கதவுப் பக்கம் திரும்பிவிட்டேன். "சரிங்க, சரிங்க" என்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மலை ஏறும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்கா கேட்டாள்.

"என்ன சாமி சொன்னாங்க?"

"வாந்தி வருமாம். அதுக்குப் பயந்துக்க வேண்டாம்னாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்கக்கா."

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அவ்வளவுதான் மனதில் இருந்தது. மீதி எங்கோ உள்ளே விழுந்து கிடந்தது. மறுநாள் காலை நான் குடகு வண்டியில் இருந்தேன்.

அளவைக் கூட்டிய பிறகு அக்காவுக்கு வாந்தி வந்தது. வலியும் வந்தது. பக்கத்து லைன்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். "எந்தம்பி கேட்டுட்டு வந்து சொன்னான். இப்படித்தான் இருக்குமாம், பயந்துக்க வேண்டாமாம்" என்று சொல்லியிருக்கிறாள். நாலு நாள் அப்படி இருந்தாள். நடுவில் அந்த வாரத்து ஊசியையும் போட்டுக்கொண்டாள். ஐந்தாம் நாள் காலை, பழம் பறிக்கிற இடத்தில் செடிக்கு அடியில் விழுந்துவிட்டாள். எஸ்டேட் ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள்.

எனக்குப் போன் வந்தபோது மிளகுக் கொடி ஏறிய ஒரு சில்வர் ஓக் மரத்தில் பாதி உயரத்தில் ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். வந்து சேர ஒன்றரை நாள் ஆயிற்று. கணையம் வெந்துபோன மாதிரி இருக்கிறது, ஒரு பகுதி செத்துவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். வார ஊசியால் சிலருக்கு இப்படி வரும், அபூர்வம், ஆனால் வரும் என்றார். அக்காவுக்கு அப்போது பேச்சு வந்துவிட்டிருந்தது. டாக்டர் அவளிடம் கேட்டார்.

"வலி வந்தா உடனே வரணும்னு உங்களுக்குச் சொல்லலையாம்மா?"

"யாரும் சொல்லலீங்க."

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். உள்ளே விழுந்து கிடந்தது அப்போதுதான் எழுந்து வந்தது. நர்ஸின் குரல், போன் அடித்தது, எல்லாம். டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய், ஆஸ்பத்திரியைச் சுற்றி மூன்று தடவை நடந்தேன்.

அக்கா பிழைத்தாள். உடம்பு பாதியாயிற்று. இப்போது தினம் இன்சுலின். கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தாலும் வயிறு தாங்குவதில்லை. சரிவில் வேலை முடியாது என்று ஆகிவிட்டது. எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் நல்ல மனிதர், காபி உலர்த்துகிற களத்தில் கிளறிவிடுகிற வேலையைக் கொடுத்தார். அந்த வேலை சீசனில் மட்டும்தான். மீதி மாதம் என்ன செய்வது என்று அக்கா கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்தது. சேலத்தில் ஒரு வக்கீலம்மா இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்று ரைட்டர்தான் சொன்னார்.

வெளிநாட்டில் இந்த மாதிரி ஊசிகளுக்கு ஆட்கள் கூட்டமாக வழக்குப் போடுகிறார்கள், இங்கே இப்போதுதான் ஒன்றிரண்டு வருகிறது என்றார் வக்கீலம்மா. எங்களுக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொன்னார்: "மருந்துல பக்கவிளைவு இருக்கறது குத்தமில்லைங்க. இருக்குன்னு சொல்லாம குடுத்ததுதான் குத்தம். நம்ம கேஸ் அதுலதான் நிக்குது." ஊசிப் பெட்டியில் இருந்த தாள் முழுக்க இங்கிலீஷ். அதையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து என்னை மட்டும் கூப்பிட்டார். பிரமாணப் பத்திரம் தயாராக இருந்தது. கூடப் போனவன் நான் ஒருவன்தான் என்பதால் சாட்சியும் நான் ஒருவன்தான். எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூன்றாவது பாராவில் இருந்தது: 'மேற்படி ஊசியின் ஆபத்தான பக்கவிளைவுகள் குறித்து மனுதாரரிடமோ, உடன் சென்ற என்னிடமோ யாரும் எதுவும் கூறவில்லை.'

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தார்.

"கண்ணாடி எடுத்துட்டு வரல" என்றேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது.

அங்கிருந்து நடந்தே புது பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பெங்களூர் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. ஏறி உட்கார்ந்தேன். பெங்களூரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. எங்கே போகிறோம் என்று தெரியாமல் பஸ் ஏறுவது எனக்குப் புதிதும் இல்லை. ஆனால் அன்று உட்கார முடியவில்லை. சீட்டின் நுனிக்கு வந்தேன், பின்னால் சாய்ந்தேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். பக்கத்தில் இருந்தவர், "ஏனுங்க, வாந்தி வருதுங்களா?" என்று கேட்டார். ஓமலூரில் இறங்கிவிட்டேன்.

கையெழுத்துப் போட்டால் அக்காவுக்கு ஏதோ கிடைக்கும். நர்ஸ் சொன்னார், நான்தான் சொல்லவில்லை என்றால் வழக்குப் போய்விடும், அக்காவும் போய்விடுவாள். ஓமலூரிலிருந்து சேலம், சேலத்திலிருந்து ஏற்காடு, அங்கிருந்து நாகலூர் வரைக்கும் இதையே திருப்பித் திருப்பி நினைத்தேன். ஒன்று தெரிந்தது. நான் வண்டி ஏறுகிற அவசரத்தில் நடந்தது இது. இன்னொரு பஸ் ஏறி இதைச் சரிசெய்ய முடியாது.

மறுநாள் காலை களத்துக்குப் போனேன். அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் மரப்பலகையால் காபியைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தாள்.

"என்னுங்க தம்பி, இன்னும் மலையிலயேவா இருக்கறீங்க? பஸ்ஸு கிஸ்ஸு ஓடறதில்லீங்களா?"

"கேஸுக்கு இருக்கறான்" என்றாள் அக்கா. "இல்லீன்னா இந்நேரம் ஊட்டுல இருந்திருக்க மாட்டான்."

சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. அதைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, கொஞ்சம் இப்படி வாங்க" என்று களத்தின் ஓரத்துக்குக் கூட்டிப் போனேன். உட்காரவைத்துச் சொல்லவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். நர்ஸ் சொன்னார் என்றும், நான் பாதியைத்தான் சொன்னேன் என்றும்.

அக்கா பலகையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"அவ என்ன சொன்னா? அப்படியே சொல்லு."

சொன்னேன்.

"இன்னொருக்கா சொல்லு."

"மேல் வயித்துல வலி எடுத்து முதுகுக்கு ஓடுச்சுன்னா, ஊசிய நிறுத்திட்டு அன்னிக்கே வந்தரணும்."

"முதுகுக்குத்தான் ஓடுச்சு" என்றாள். "ரெண்டாம் நாளே முதுகுக்கு ஓடுச்சு. இங்க." கையைப் பின்னால் வைத்துக் காட்டினாள். "அதோடவே அந்த ஊசியப் போட்டேன்டா. நீ சொன்னன்னு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீ பேசாத." திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து கிளற ஆரம்பித்தாள். அந்தக் கடைசி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். நான் அங்கேயே நின்றேன். போகலாமா என்று தெரியவில்லை. மூன்றாவது தடவை என் பக்கம் வந்தபோது நின்றாள்.

"நான் வெளிய பெஞ்சுலதான உக்காந்திருந்தேன்?"

"ஆமாங்கக்கா."

"எனக்குக் காது கேக்கும். பேப்பர் படிக்கத் தெரியும். ஊசி குத்தறது என் வயித்துல. அதை எதுக்கு அவ உன்கிட்டச் சொன்னா?"

அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அதுவரை தோன்றியதில்லை.

"நாளைக்கு நானும் வரேன்" என்றாள்.

வக்கீலம்மா முழுவதும் கேட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இத முதல் நாளே சொல்லியிருக்கணுமுங்க. இப்ப இத எழுதுனா நம்ம கேஸ் பாதி போயிரும்."

"பாதி நிக்குமுங்களா?" என்று கேட்டாள் அக்கா.

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். பேஷண்டிடமே சொல்ல வேண்டியது டாக்டர் வேலை, கூட வந்தவரிடம் சொன்னால் போதும் என்று எங்கேயும் இல்லை, அந்தத் தாள் தமிழில் இல்லாததும் இருக்கிறது என்றார். "நிக்கலாமுங்க. ஆனா அவங்க மொத்தப் பழியையும் இவரு தலைமேல போடுவாங்க. இவரு கூண்டுல நின்னு பதில் சொல்லணும். இவரு ஊரு ஊராப் போற ஆளுன்னு சொன்னீங்க."

"போக மாட்டானுங்க" என்றாள் அக்கா. என்னைக் கேட்கவில்லை.

"அப்ப அந்தப் பழைய காயிதத்துலயே கையெழுத்துப் போட்டா முழுசா நிக்குமே, அதுக்கு என்ன சொல்றீங்க?" வக்கீலம்மா எங்களைச் சோதிக்கத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"அந்த நர்ஸுப் புள்ள சொல்லியிருக்குதுங்களே. சொல்லலைன்னு நான் எப்படிங்க சொல்றது? நாளைக்கு அந்தப் புள்ள வந்து நின்னா நான் அது மூஞ்சியப் பாக்கோணுமில்லீங்க?"

மூன்றாவது பாராவை மாற்றி அடித்தார்கள். 'உடன் சென்ற என்னிடம் மட்டும் கூறப்பட்டது. மனுதாரர் அறைக்கு வெளியே இருந்தார். நான் அதை மனுதாரரிடம் முழுமையாகத் தெரிவிக்கவில்லை.' கையெழுத்துப் போட்டேன். இதற்கு முன் கூலி வாங்க எத்தனையோ மஸ்டர் ரோலில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவ்வளவு மெதுவாகப் போட்டதில்லை.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். அதன் பிறகு ரொம்ப நாள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். சோறு போடுவாள், சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டாள். நான் ஏற்காட்டிலும் கிளியூர்ப் பக்கமும் கிடைத்த வேலைக்குப் போனேன். சுவர் கட்ட, பாத்தி வெட்ட, எதுவானாலும். குடகு மேஸ்திரி இரண்டு தடவை கூப்பிட்டார். சாயங்காலத்தில் கடைசி பஸ் போகிற சத்தம் கேட்கும்போது எழுந்து வெளியே போய் நிற்பேன். அது போன பிறகு உள்ளே வருவேன். ஐந்து மாதம் ஆயிற்று. இவ்வளவு நாள் நான் எங்கும் இருந்ததில்லை.

போன வாரம் எதிர்த்தரப்பான கிளினிக்கின் பதிலுரை தபாலில் வந்தது. வக்கீலம்மா தமிழ் நகல் அனுப்பியிருந்தார். அக்காவுக்கு இன்சுலின் வந்த பிறகு கண் மங்கல். சின்ன எழுத்து தெரிவதில்லை. வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தவள், "படி" என்றாள்.

படித்தேன். முதல் பக்கம் முழுக்கச் சட்டப் பிரிவுகள். இரண்டாம் பக்கத்தில் ஆறாவது பத்தி வந்தபோது கண் முன்னாலேயே ஓடி அதைப் பார்த்துவிட்டது. 'மனுதாரருக்கு ஏற்பட்ட பாதிப்பிற்கு அவரது சகோதரரின் பொறுப்பற்ற செயலே முழு முதற் காரணம்.' அதைத் தாண்டி ஏழாவதுக்குப் போகலாம் என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

"ஏன் நிறுத்திட்ட?"

"இதுல என்னைப் பத்தி இருக்குதுங்கக்கா."

"இருக்கட்டும். எதையும் உட்டுராமப் படி."

படித்தேன். பொறுப்பற்ற செயலே என்ற இடத்தில் நாக்குத் தடுக்கியது. அவள் முறத்தை நிறுத்தவில்லை. அந்தப் பத்தி முடிந்ததும், "அதுக்கு நாம என்ன பதில் எழுதறது?" என்று கேட்டாள். ஐந்து மாதத்தில் அவள் என்னிடம் நாம என்று சொன்னது அன்றுதான்.

"தெரியலீங்கக்கா. மீதியும் படிச்சுட்டு வக்கீலம்மாவக் கேக்கலாம்."

"சரி, படி" என்றாள். ஏழாவது பத்தியை ஆரம்பித்தேன்.