உறைந்த ஆசிட்

1994 ஜனவரி 8, சனிக்கிழமை, காலை ஐந்து நாற்பது. ஆரணியில் அப்படியொரு மார்கழிக் குளிரை நான் அதற்கு முன் கண்டதில்லை. எங்கள் சாயக் கொட்டகையிலிருந்து பத்தடியில் இருந்த கிணறுகூடப் பனியில் தெரியவில்லை.

அப்பா தறியை விட்டுச் சாயம் போடத் தொடங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அன்று பன்னிரண்டு சிட்டம் பட்டுநூலுக்கு அரக்குச் சாயம் ஏற்றி மதியத்துக்குள் கொடுக்க வேண்டும். கல்யாணச் சேலைக்கான நூல். தவறினால் அந்த நெசவாளி வேறு பட்டறைக்குப் போய்விடுவார். அப்பாவிடம் தொடர்ந்து நூல் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

அண்டாவில் தண்ணீர் சூடாகிச் சாயமும் கரைந்துவிட்டது. இனி அசிட்டிக் ஆசிட் நான்கு மூடி விட வேண்டும். விட்டால்தான் நூல் சாயத்தை இழுக்கும், அண்டாத் தண்ணீர் தெளியும். கடைசி அலசலில் இன்னொரு மூடி. அப்போதுதான் பட்டைப் பிழியும்போது மொறுமொறுவென்று சத்தம் வரும். மூடிகளை எண்ணுவது என் வேலை. யாரும் கொடுக்காத வேலை.

முந்தின நாள் வாங்கிய ஐந்து லிட்டர் கேனை அப்பா சாய்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை.

"இன்னாடா இது, கல்லு மாதிரி கீது?"

நான் ஏழாம் வகுப்பு. அறிவியலில் நூற்றுக்கு எண்பத்தேழு. "தண்ணிதான்பா உறையும். ஆசிட்டு எங்கனா உறையுமா? கடைக்காரரு தண்ணி கலந்துட்டாரு" என்றேன். மூக்கைத் துளைத்த காடி நெடியை நானும் பொருட்படுத்தவில்லை, அவரும் பொருட்படுத்தவில்லை.

"வெந்நீர்ல கொஞ்ச நேரம் வெச்சுப் பாருங்களேன்" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு. புள்ள படிச்சினு கீறான்."

கேனைச் சாக்கில் சுற்றிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினோம். கடை திறக்க எட்டரை ஆனது. காத்திருந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அப்பா பதினொரு தடவை தெருமுனை வரை போய்வந்தார். அடுப்பு அணைந்திருக்குமோ, நெசவாளி வந்து நிற்பாரோ என்று தனக்குத்தானே பேசினார். வெயில் ஏறியது. என் மடியில் இருந்த கேன் மெல்லத் தளும்பத் தொடங்கியது. அம்மா சொன்ன வெந்நீரே போதுமென்று எனக்குத் தெரிந்தது; சாக்கை இன்னும் இறுக்கிச் சுற்றினேன்.

கடைக்குள் நான்கு பேர் நின்றிருந்தார்கள். "தண்ணிய அடச்சி ஆசிட்டுன்னு விக்கிறியேய்யா, நல்லாகீதா?" என்று அப்பா சத்தம் போட்டார். மூடியைத் திறந்து கேனைக் கவிழ்த்தும் காட்டினார். கால் லிட்டர் கொட்டிச் சுண்ணாம்பு பூசிய படியில் நுரைத்துப் பொங்கியது.

"தண்ணின்னீங்களே, இன்னாங்க இப்டி பொங்குது?" என்றார் ஒருவர். மற்ற மூவரும் சிரித்தார்கள்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. "உறையாத ஆசிட்டுதானே உங்களுக்கு வேணும்? அடுத்த வாட்டிலருந்து அதையே குடுத்துடறேங்க. போய் வாங்க."

கேனில் மீதியிருந்த அதே ஆசிட்டை விட்டு, பதினொன்றே முக்காலுக்கு நூலைக் கொடுத்துவிட்டோம். அவ்வளவு ஆழமான அரக்கு அதற்குப் பிறகு எங்கள் பட்டறையில் பிடித்ததேயில்லை.

கடைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த மார்கழியில் கேன் உறையவில்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. அப்பா வருகிறவர்களிடமெல்லாம் கேனைக் குலுக்கிக் காட்டுவார்: "பாத்தியா? என் புள்ள கேட்ட ஒரே கேள்வில ஆளு திருந்திட்டான்." நான்கு மூடி போதாமல் ஆறு மூடி ஆகியிருந்தது. இப்போது வருகிற நூல் சரியில்லை என்றார். நானும் ஆறு என்று எண்ணிவிட்டு, பெருமையோடு பள்ளிக்கூடம் போனேன்.

பதினொன்றாம் வகுப்பில் வேதியியல் ஆசிரியர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார்: சுத்தமான அசிட்டிக் அமிலம் பதினாறரை டிகிரிக்குக் கீழே பனிக்கட்டி போல உறையும், தண்ணீர் கலந்திருந்தால் அந்தக் குளிரில் உறையாது. அதற்கு மேல் அவர் நடத்திய எதுவும் என் காதில் விழவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். மாதம் ஒரு கேன், நான்கு வருடத்துக்கு நாற்பத்தெட்டு. கேன் நூற்றெண்பது ரூபாய், நான்கு மூடி ஆறானதென்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. நான் கேட்டு வாங்கிக் கொடுத்த தண்ணீரின் விலை இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது ரூபாய்.