அரைநூல் செய்த பீரங்கி வண்டி

தச்சுப் பட்டறையில் அவருக்கு அரைநூல் என்று பெயர். வைத்தவர் அங்கேயே வேலை செய்த பாலிஷ்காரர். தச்சர்களுக்கு ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் நூல். கதவு சட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்த பிறகும் இவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு இடுக்கைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, இன்னும் அரை நூல் எடுக்க வேண்டும் என்பார். எடுத்து முடிப்பதற்குள் மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார்கள். முப்பது வருஷமாக இவர் இழைத்துத் தள்ளிய அரை நூல்களைச் சேர்த்தால் ஒரு பீரோ செய்துவிடலாம் என்று பாலிஷ்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எம்.எம். என்றாலே அவருக்கு ஆகாது. அது எறும்புக்குச் சட்டை தைக்கிற அளவு என்று ஒதுக்கிவிடுவார். அப்பா அப்படிச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் அவருடைய ஒரே மகள்.

பதினேழு வயதில் அந்த மகள் பட்டறைக்கு வந்து அவருடைய நாலு நூல் உளியைக் கேட்டாள். அப்பாவோடு சேர்ந்து தச்சு வேலை செய்யப்போவதாகச் சொன்னாள். "உனக்கெதுக்கு இந்த வேலை? கைய வெட்டிக்கிட்டு நிப்பே" என்றார் அவர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், அதுதான் பெரிய தப்பு. அவள் மரம் இல்லையென்றால் இரும்பு என்று முடிவுகட்டி, லேத்து வேலை படித்து, அரை நாள் ரயிலில் போகவேண்டிய தூரத்தில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் கடைசல் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஆறு வருஷம் ஆயிற்று. வருஷத்துக்கு ஒரு தடவை வருவாள், அம்மாவோடு பேசித் தீர்ப்பாள், போவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். மணி அடித்ததும் முதலில் எடுப்பவர் இவர்தான். சாப்பிட்டீர்களா என்று அவள் கேட்பாள், சாப்பிட்டேன் நீ என்று இவர் கேட்பார், அவளும் சாப்பிட்டிருப்பாள். அம்மாவிடம் கொடுங்கள் என்பாள். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் அப்படியே மிச்சமிருக்கும். போனைக் கொடுத்துவிட்டு, மனைவிக்குப் பக்கத்து அலமாரியில் எதையோ தேடுவதுபோல நின்றுகொள்வார். அங்கே நின்றால் மகளின் குரல் கொஞ்சம் கசிந்து வரும். ஆறு வருஷமாக அந்த அலமாரியில் அவர் எதையும் கண்டெடுத்ததில்லை.

இப்படியிருக்கும்போது தபாலில் ஓர் உறை வந்தது. அவர் பெயருக்கு. உள்ளே கட்டம் போட்ட தாளில் பென்சிலால் ஒரு படம்: நாலு சின்னச் சக்கரங்கள் வைத்த மர வண்டி, அதன்மேல் ஒரு பீரங்கி. பக்கப்பலகைகள் பின்னால் படிப்படியாக இறங்கின. குழலின் இரு புறமும் நீட்டிக்கொண்டிருந்த காதுகள் பலகையின் பள்ளங்களில் உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றுக்கும் எண் போட்டிருந்தாள். கீழே நாலே வரி.

"பூங்கா பீரங்கிக்கு வண்டி செஞ்சு தர்றேன்னு சொன்னீங்க, ஞாபகம் இருக்காப்பா? குழலை நான் இங்க பித்தளையில கடையறேன். வண்டிய நீங்க அங்க செய்யுங்க. ரெண்டு மாசத்துல லீவு போட்டுட்டு வர்றேன், சேர்த்துப் பாக்கலாம்."

ஞாபகம் இல்லாமலா? அவளுக்கு ஏழு வயது. பூங்காவில் ஒரு பழைய பீரங்கிக் குழல் சிமெண்டு மேடையில் சும்மா கிடக்கும். அதன்மேல் குதிரை ஏறுவதுபோல ஏறிக்கொண்டு, இதன் வண்டி எங்கே என்று கேட்டாள். மக்கிப்போயிருக்கும் என்றார் இவர். அப்படியானால் நீங்கள் செய்யுங்கள் என்றாள். செய்வதாக ஒப்புக்கொண்டு, குழந்தைகளிடம் ஒப்புக்கொள்ளும் எல்லாவற்றையும்போல மறந்துபோனார். அவள் மறக்கவில்லை. மகளை மறுபடி பக்கத்தில் நிறுத்திப் பேச ஒரு வழி கிடைத்திருக்கிறது, இதைக் கோட்டைவிட்டால் இன்னொன்று கிடைக்காது என்று அவருக்குத் தோன்றியது.

குழலின் நீளம் 96. பக்கப்பலகை 80. சக்கரம் 20. காது 6. எண்கள் மட்டும்தான் இருந்தன, என்ன அளவு என்று எழுதவில்லை.

மனைவி ஒரு போன் போட்டுக் கேட்கச் சொன்னாள். அவருக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷம் கழித்து மகள் ஒரு வேலை கொடுத்திருக்கிறாள், அதில் முதல் கேள்வியே எனக்கு இது புரியவில்லை என்பதா? அவரே யோசித்தார். அவள் வேலை செய்வது லேத்தில். அங்கே எல்லாம் எம்.எம்.தான். ஆகவே இது எம்.எம். முடிந்தது கதை.

மறுநாள் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் எம்.எம். ஸ்கேல் வாங்கினார். அதைச் சட்டைப் பையில் பார்த்த பாலிஷ்காரர் உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தார்.

வேலை அவரைப் படாத பாடு படுத்தியது. எண்பது எம்.எம். பலகை என்றால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எட்டு எம்.எம். கனத்துக்குத் தேக்கை இழைத்து அதில் படி வெட்டினால், வெட்டு விழுகிற இடத்தில் பலகை பிளந்தது. மூன்று ஜோடி பாழாகி, நாலாவதுதான் தேறியது. சக்கரங்கள் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியவை. ஒன்று விரலிலிருந்து நழுவி மரத்தூளுக்குள் போய்விட, சாப்பாட்டு நேரம் முழுக்கச் சல்லடையும் கையுமாக இருந்தார். கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் ஒரு லென்ஸ் இரவல் வாங்கினார். குழலின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்த ஓர் ஆப்பு வேண்டும். அது அரிசி மணிக்கு அண்ணன்போல வந்தது. "இந்த ஆப்ப யாருக்கு வைக்கப் போறீங்க, கொசுவுக்கா?" என்று பாலிஷ்காரர் கேட்டார். அவர் லென்ஸை மறுபடி கண்ணில் வைத்துக்கொண்டார். எறும்புக்குச் சட்டை தைக்கிற வேலையில் தானே உட்கார்ந்திருப்பது அவருக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு எண்ணையும் தாளில் பார்க்கும்போது, அதை எழுதிய கை ஞாபகம் வந்தது. இதே கண்ணோடு, இதே நுணுக்கத்தோடுதான் மகள் தினமும் வேலை செய்கிறாள் என்று நினைக்க ஏக்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. ஞாயிறு போனில் வேலை எப்படிப் போகிறது என்று அவள் கேட்டபோது, நடக்கிறது என்று மட்டும் சொன்னார். சின்னதாய் இருக்கிறதே என்று நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவள் அம்மாவைக் கேட்டுவிட்டாள்.

சொன்னபடி ஒரு சனிக்கிழமை காலையில் வந்தாள். முகம் கழுவியதும் பையைத் திறந்து, துண்டில் சுற்றிய ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி மேசைமேல் வைத்தாள். மேசை அதிர்ந்தது. துண்டை விலக்கினால், முழுசாக ஓர் அடி நீளத்தில் பளபளவென்று பித்தளைக் குழல்.

அவர் தம் கையிலிருந்த தீப்பெட்டி மாதிரி வண்டியைப் பார்த்தார். குழலைப் பார்த்தார். மறைத்துவிடலாமா என்றுகூட நினைத்தார். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"நூல்லதானப்பா எழுதினேன்" என்றாள். "உங்களுக்குத்தான் எம்.எம். பிடிக்காதே."

"நீ எம்.எம்.லதான் வேலை செய்யறேன்னு..." என்று இழுத்தார் அவர்.

சமையலறை வாசலில் நின்ற மனைவிதான் முதலில் சிரித்தாள். அப்பனும் மகளும் ஆளுக்கொரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்குமா என்றாள். மகள் சிரிக்கவில்லை. சின்ன வண்டியை வாங்கி உள்ளங்கையில் உருட்டினாள். நாலு சக்கரமும் ஓடின. காது உட்காரும் பள்ளத்தில் நகத்தை வைத்துத் தடவிப் பார்த்தாள், ஆப்பை எடுத்து மறுபடி செருகினாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எம்.எம்.ல செஞ்சீங்களாப்பா? எனக்காகவா?"

அவர் எழுந்துபோய் வேலைப்பெட்டியைத் திறந்தார். நாலு நூல் உளியை எடுத்து வந்து குழலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அன்னைக்கு நாலு பேர் முன்னாடி உன்னப் பாத்து சிரிச்சிட்டேன். அது தப்பு பாப்பா. இந்தா, பெரிய வண்டிக்கு நீயே வெட்டு."

இரண்டே நாள் லீவு. இரண்டு நாளில் முழு வண்டி ஆகிற காரியமில்லை. ஒரு பக்கப்பலகை மட்டும் ஆயிற்று. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கட்டாவிட்டால் அவை சும்மா இருக்காது. அவள் பள்ளத்தை வெட்டி, குழலின் காதை அதில் உட்காரவைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு இடுக்கைப் பார்த்தாள். அவருக்கு அது போதுமென்றுதான் பட்டது.

"இல்லப்பா" என்றாள். "இன்னும் அரை நூல் எடுக்கணும்."

ஞாயிறு மாலை ரயிலுக்குப் போகும்போது சின்ன வண்டியைப் பஞ்சில் பொதிந்து எடுத்துக்கொண்டாள். அதற்கு ஏற்ற குழலை அங்கே கடைந்து கொண்டுவருவாளாம். பெரிய குழலும் வெட்டிய ஒற்றைப் பலகையும் மேசைமேல் இருந்தன. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுற்றிக் கிடந்த மரச்சீவலைப் பெருக்க வேண்டாமென்று அவர் மனைவியிடம் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு போன் வந்தது. எடுத்தவர் வழக்கம்போல, சாப்பிட்டேன் நீ என்று கேட்டுவிட்டு மனைவியிடம் நீட்டப்போனார். அம்மா அப்புறம், முதலில் அளவை எழுதிக்கொள்ளுங்கள் என்றாள் மகள். மீதி வண்டிக்கு எல்லா எண்களும் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அவர், நூலா எம்.எம்.மா என்று கேட்டார். எல்லாமே நூல்தான் என்று அவள் சொன்ன பிறகும் கேட்டார்.

பக்கத்து அலமாரியில் துணி அடுக்கிக்கொண்டிருந்த மனைவிக்கு மகளின் குரல் அங்கேயே தெளிவாகக் கேட்டது. தாளில் அவர் எல்லா எண்ணையும் எப்போதோ எழுதி முடித்திருந்தார்.

"லைன் சரியில்ல பாப்பா" என்றார் அவர். "மறுபடி முதல்லேருந்து சொல்லு."