ரம்புக்கனையில் ஒரு தனி அறை

தனி அறை என்றால் எனக்கு அப்போது அப்படியொரு ஆசை. எஹலியகொடப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில், ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் சித்தப்பா குடும்பத்தோடு நெருக்கியடித்துப் படுத்தவன் நான். காலை நீட்டினால் யாராவது திட்டுவார்கள். அதனால் ரம்புக்கனையில் ஓர் இரவு தங்க வேண்டி வந்தபோது, ஸ்டேஷன் வாங்குப் பலகையில் பேசாமல் படுத்துக் கிடப்பதை விட்டு, கடைவீதியில் 'ரூம் உண்டு' என்று எழுதியிருந்த சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன். புத்தி அப்படிப் போயிற்று.

நான் போனது அக்காவைப் பார்க்க. அட்டன் பக்கம் வாக்கப்பட்டுப் போனவள். இந்தியாவுக்குத் திரும்பிப் போகப் பதிந்த தோட்டக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அவள் குடும்பத்துக்கும் நாள் வந்துவிட்டது. அட்டன் வரை போய்வர எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவர்கள் ஏறும் ரயில் ரம்புக்கனை வழியாகத்தான் போகும். "ரம்புக்கனையில கோச்சி கொஞ்ச நேரம் நிக்கும். அங்க வந்து நில்லு தம்பி, உன் மொகத்த ஒருக்கா பாத்துட்டுப் போயிடுறேன்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். அம்மாவும் அப்பாவும் இறந்த பிறகு எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். கடல் தாண்டிப் போனவளைப் பிறகு பார்ப்பதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு நடக்கிற காரியமா? வெளிச்சம் வருவதற்குச் சற்று முன் வரும் அந்தக் கோச்சிதான் எனக்கு இருந்த ஒரே வழி.

"ஒத்த ஆளுக்கு எதுக்குங்க தனி ரூமு? கீழ பாய் தர்றேன், எல்லாரோடயும் படுத்துக்கங்க" என்றார் கடை முதலாளி.

"இல்லைங்க, ரூமே குடுங்க" என்றேன், ஏதோ நானே தோட்டத்துத் துரை மாதிரி.

அறை என்று அவர் காட்டியது மாடியில் பலகை அடித்துத் தடுத்த ஒரு மூலை. ஜன்னலைத் திறந்தால் ஒரு முழத்தில் பக்கத்துக் கடைச் சுவர். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, சணல் கயிறு. தும்பு மெத்தையில் எனக்கு முன்பே மூட்டைப் பூச்சிகள் குடியிருந்தன. தலையணை உறையில் யாரோ தேய்த்த நல்லெண்ணெய் இன்னும் மணத்தது. முகம் கழுவத் தண்ணீர் கேட்டதற்கு, கொல்லையில் பீலித் தண்ணீர் விழுகிறது, போய்ப் பிடித்துக்கொள் என்றார்கள். இதற்கா இத்தனை நாள் ஆசைப்பட்டேன் என்று எரிச்சலாக வந்தது.

அதையெல்லாம் பொறுத்திருப்பேன். தனிமையைத்தான் பொறுக்க முடியவில்லை. லயத்தில் ஒருவர் இருமினால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "தண்ணி குடிங்க" என்று குரல் வரும். இங்கே நான் வேண்டுமென்றே இருமிப் பார்த்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா போன பிறகு இப்படித்தான் இருக்கப்போகிறது என்று நினைத்தேன், பயமாக இருந்தது. வெகுநேரம் புரண்டு, எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியாது.

எழுப்பிவிடச் சொல்லி முதலாளியிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தோன்றாது. அங்கே இருட்டோடு ஒருவர் தப்பு அடித்துக்கொண்டு லயம் லயமாக வருவார். வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு அதுதான் அழைப்பு. அந்தச் சத்தத்தைத் திட்டாதவர் யாருமில்லை, அது கேட்காமல் எழும்பியவரும் யாருமில்லை. பிறந்ததிலிருந்து அதைக் கேட்டு எழுந்து எழுந்து, விழிப்பு என் உடம்புக்குள்ளேயே இருப்பதாக எண்ணிவிட்டேன். ரம்புக்கனைக் கடைவீதியில் தப்படிக்க யார் இருக்கிறார்கள்?

கண் விழித்தபோது எதிர்ச் சுவரில் வெயில் இருந்தது. கீழே தட்டுகள் கழுவும் சத்தம். சட்டையைக் கையில் பிடித்தபடி ஓடினேன்.

"கோச்சிய கியா, மல்லி" என்றார் ஸ்டேஷன் போர்ட்டர். கோச்சி போய்விட்டது, தம்பி. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் வாங்கில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

வடைக் கூடையோடு நின்ற ஒருவன், என் வயதுதான் இருக்கும், கிட்ட வந்தான். நம் ஆள். "யாரையாச்சும் வழியனுப்ப வந்தீங்களா?" என்று கேட்டான். சொன்னேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஒரு அக்கா கதவுகிட்ட நின்னு தம்பி, தம்பின்னு கத்திக்கிட்டே இருந்துச்சுங்க. எறங்கப் பாத்துச்சு, வீட்டுக்காரரு புடிச்சு இழுத்துட்டாரு. கோச்சி நகருது, அது அழுவுது. எனக்கு மனசு கேக்கல. இருட்டுதானே, ஆளு தெரியாதுன்னு நான் கைய தூக்கிக் காட்டுனேன். போயிட்டு வாக்கான்னு கத்துனேன். அதுக்கப்புறம் அழுகைய நிறுத்திட்டு, கைய காட்டிக்கிட்டே போச்சு. கோவிச்சுக்காதீங்க."

அவனை அறைய வேண்டும் போலிருந்தது. கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் எழுந்து கேகாலை பஸ் ஏறினேன்.

அக்கா குடும்பம் திருச்சிப் பக்கம் குடியேறியது. அங்கே போய்வந்த ஆட்களிடம் அவள் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவாள்: தம்பி ரம்புக்கனைக்கு வந்து நின்னான், கை காட்டுனான், எனக்கு அது போதும். நான் ஒருமுறையும் இல்லையென்று சொல்லவில்லை. அவள் சாகும்வரை நாங்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை. பார்த்ததாக அவளுக்காவது இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.